சாம்பிள் இருக்கா?

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

ஸ்பேர்ஸ் கடைக்காரன் என்னைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். வாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது. கவுண்டர் மேல முழங்கையை ஊனிக்கிட்டு, குச்சியால பல்லை நோண்டிக்கிட்டே கேட்டான்.

"இருக்காங்க. எதுக்கு, உங்களுக்குப் பல்லு குத்தி விடவா?"ன்னேன்.

பின்னாடி நின்ன ரெண்டு பேர் களுக்குனு சிரிச்சாங்க. அவனுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு, "என்ன வேணும்?"னான்.

"கியர் ராடோட முனையில ஒரு புஷ் வரும்ல, சின்னதா. அது."

"சாம்பிள் இருக்கா?"

இந்தக் கடைங்கள்ல இதுதான் சட்டம். நீங்க வண்டி பேரைச் சொல்லுங்க, வருஷத்தைச் சொல்லுங்க, படம்கூட வரைஞ்சு காட்டுங்க, எதுவும் காதுல ஏறாது. உடைஞ்ச பழசைக் கொண்டுவந்து கவுண்டர்ல வைக்கணும். அப்பத்தான் பேச்சே ஆரம்பிக்கும். நான் பையிலேர்ந்து எடுத்து வச்சேன். வெள்ளை நைலான் வளையம், கட்டைவிரல் நகம் அகலம்தான் இருக்கும், ஒரு பக்கம் விரிஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு.

திருப்பித் திருப்பிப் பாத்தான். லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தான். "இது அந்த வண்டிக்கு வராது"ன்னான்.

"என் வண்டியிலேர்ந்து நானே கழட்டினதுங்க. இந்தக் கையால."

"வராதுன்னா வராதும்மா. முழு செட்டா மாத்துங்க. ஆர்டர் போட்டா வரும். வராமலும் போகும்."

"சட்டையில பட்டன் அறுந்தா சட்டையையே மாத்துவீங்களோ?"

"அப்ப சட்டைக் கடைக்குப் போங்க"ன்னுட்டு அடுத்த ஆளைப் பாத்துட்டான்.

வளையத்தைப் பொறுக்கிக்கிட்டு வெளிய வந்தேன். எனக்கு இருந்த எரிச்சலுக்கு அந்தக் கடை ஷட்டரை இழுத்துச் சாத்திட்டுப் போயிருக்கணும். கை எட்டலை, அதனால தப்பிச்சான்.

என் தொழில் கர்ட்டன் தைச்சு, வீட்டுக்கே போய் மாட்டிக் குடுக்கிறது. ஏணி, கம்பி, ட்ரில் மிஷின், துணி மூட்டை எல்லாம் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறினா கண்டக்டர் என்னையே கர்ட்டன்ல சுத்தி வெளிய போட்டுடுவான். கார் வேணும். கார் இருக்கு, பழசுதான், ஆனா இருக்கு. ரெண்டு நாளா கியர் ராடு கஞ்சியில விட்ட கரண்டி மாதிரி எந்தப் பக்கம் வேணாலும் சுத்துது. பானெட்டைத் தூக்கிப் பாத்தா, பேட்டரிக்குப் பின்னாடி, ராடை கியர்பாக்ஸோட சேக்கிற லிங்கேஜ் கம்பி தனியா தொங்குது, இந்த வளையம் விரிஞ்சு கீழ கிடக்குது. அதனால கையை உள்ள விட்டு, கியர்பாக்ஸ் மேல இருக்கிற பிடியை நானே ரெண்டாவது கியர்ல தள்ளி விட்டுட்டு, ஊர் பூரா ரெண்டாவது கியர்லயே ஓட்டிக்கிட்டிருந்தேன். கிளம்பும்போது வண்டி அழும், ரோட்டுக்கு வந்தா அலறும். பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சே என் பரம்பரையை விசாரிப்பான். ரிவர்ஸ் வேணும்னா இறங்கி, பானெட்டைத் தூக்கி, கையால மாத்தணும். இந்த லட்சணத்துல பார்ட் தேடிக் கடை கடையா ஏறி இறங்கறேன்.

இந்த வண்டியில இருக்கிற ஒவ்வொரு நட்டையும் அறிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான். என் அண்ணன். இது முன்னாடி அவன்கிட்ட இருந்த வண்டிதான். அவனைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவான். அவன்கிட்ட போய்க் கேக்கறதுக்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்.

வீட்ல அவனுக்குப் பட்டப்பேரு ஒப்பேத்தி. எது உடைஞ்சாலும் மெக்கானிக்கிட்ட போக மாட்டான், கடைக்கும் போக மாட்டான். வீட்டுக்குள்ளயே ஒரு சுத்து சுத்தி, எதையாவது பிடுங்கி, அறுத்து, ராவி, மாட்டி ஒப்பேத்திடுவான். குக்கர் கைப்பிடியில ஜன்னல் ஸ்க்ரூ இருக்கும். ஜன்னல்ல பென்சில் துண்டு இருக்கும். "ஓடுதா இல்லையா?"ம்பான். ஓடும். அதுதான் அவன் திமிரு. எனக்கு அது ஆகாது. எந்த இடத்துக்கு எது செஞ்சானோ அதுதான் அந்த இடத்துக்குப் போகணும். கர்ட்டன்ல ஒரு கொக்கி மாறினாலும் மடிப்பு கோணிக்கும்.

நாங்க பேச்சு வார்த்தை நிறுத்தினது அம்மா விழுந்த அன்னிக்கு. அம்மா அண்ணன் வீட்லதான் இருக்கா. சக்கரம் வச்ச வாக்கரைத் தள்ளிக்கிட்டு நல்லாத்தான் நடந்துக்கிட்டிருந்தா. அன்னிக்கு நான் போயி அவ ரூமைப் பெருக்கி, ஈரத்துணியால துடைச்சு, கையோட காஞ்ச துணியாலயும் துடைச்சேன். டீ போடலாம்னு சமையலறைக்குப் போனேன். தடால்னு சத்தம். ஓடி வந்து பாத்தா வாக்கர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். இடுப்பு எலும்பு.

"தரையை ஈரமா விட்டுட்டியே, பாவி"ன்னு அண்ணன் ஆஸ்பத்திரியில எல்லாரும் பாக்கக் கத்தினான். நான் அம்மாவைப் பாத்தேன். அவ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு நின்னேன். அவ கண்ணை மூடிக்கிட்டு, "தரை ஈரமா இருந்துச்சு"ன்னா.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கே அண்ணன் கார் சாவியை என் மேல வீசினான். வண்டி வாங்கினப்ப பாதி என் சம்பளம், அதை அவன் மறக்கலையாம். "எடுத்துக்கிட்டுப் போ, இந்தப் பக்கம் இனி வராதே, அம்மாவே உன் மூஞ்சில முழிக்க மாட்டேங்கறா"ன்னான். டாக்டர் மெதுவா எழுப்பி நடக்க வைக்கணும்னுதான் சொல்லியிருந்தாரு. அவன் கேக்கலை. "இனி எதுக்கு இந்த சனியன்?"னு வாக்கரை மடக்கி வண்டி டிக்கியில தூக்கிப் போட்டுட்டான். எனக்கு அதைத் தூக்கி எறிய மனசு வரலை, அங்கயே கிடந்துச்சு.

அன்னிலேர்ந்து எனக்குள்ள ஒரே கேள்விதான். காஞ்ச துணியால துடைச்சேனா, இல்லை துடைச்சதா நினைச்சுக்கறேனா? யார் வீட்டுல ஏணி மேல நின்னு கம்பி மாட்டினாலும் என் கண்ணு தரைக்குத்தான் போகும். அம்மா வாயால "நீ இல்லடி"ன்னு ஒரு தடவை கேட்டாப் போதும். அதுக்காகப் போயி நின்னேன், அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் கேட்டுல பூட்டு.

சரி, பார்ட் கதைக்கு வரேன். எந்தக் கடையிலயும் அந்த வளையத்தை யாரும் பாத்ததே இல்லை. ஒருத்தன் மிக்ஸியோடதான்னு கேட்டான். இன்னொருத்தன், "ஆன்லைன்ல தேடுங்க சிஸ்டர்"னு வாசலைக் காட்டினான். கடைசியில, பழைய வண்டி உடைச்சு விக்கிற யார்டுல என் மாடல் ஒண்ணு கிடக்குதுன்னு தெரிஞ்சு, ரெண்டாவது கியர்ல அலறிக்கிட்டே அங்க போய்ச் சேந்தேன்.

கேட்டைத் தாண்டி நுழைஞ்ச உடனே உள்ளேர்ந்து ஒருத்தன் கையை ஆட்டிக்கிட்டு ஓடி வந்தான். பெரிய மீசை, அதுக்குப் பின்னாடி சின்ன ஆளு.

"யாரைக் கேட்டு உள்ள விட்டே? லாரி வருது, பின்னாடி எடு!"

"ரிவர்ஸ் விழாது."

"விழாத வண்டியை எதுக்கு ஓட்டறே?"

"விழ வைக்கத்தான் வந்திருக்கேன். என் மாடல் எங்க கிடக்குது, அதைச் சொல்லு."

மீசைக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன்லேர்ந்து கையையே எடுக்கலை. நான் இறங்கி, பானெட்டைத் திறந்து வச்சுட்டு, அப்படியே நின்னேன். அந்த இடத்துல பொம்பளை ஒருத்தி திறந்த பானெட்டோட நின்னா, ஆம்பளைங்க கத்தலாம், நகத்த முடியாது. கடைசியில அவனே, "அந்த மூலையில, நீலக் கலர். என்ன வேணுமோ பிடுங்கிக்கிட்டு சீக்கிரம் ஒழி!"ன்னான்.

நீல வண்டி பாதிதான் இருந்துச்சு. முன் கண்ணாடி இல்லை, சீட்டு இல்லை, ஆனா இன்ஜின் பக்கம் யாரும் கை வைக்கலை. பேட்டரி இருந்த இடத்துல கையை விட்டு லிங்கேஜ் கம்பியைத் தடவினேன். புஷ் இருந்துச்சு. கழட்டி வெளிய எடுத்தா, கறுப்பு. ரப்பர். கனமா, ஓரத்துல உதடு வச்சு.

என் கையில இருந்த வெள்ளை வளையத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பல்லு குத்தறவன் சொன்னது சத்தியம். இது கார் சாமானே இல்லை.

"ஒப்பேத்திட்டியா, படுபாவி"ன்னு வாய்விட்டே சொன்னேன். எதையோ பிடுங்கி மாட்டியிருக்கான், அதைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு நாளா நான் ஊரெல்லாம் அசிங்கப்பட்டிருக்கேன். எதுலேர்ந்து பிடுங்கினான்னு அப்ப எனக்கு அக்கறை இல்லை. லாரிக்காரன் அடிக்கிற ஹாரன்ல காது கிழிஞ்சுது.

டூல் பாக்ஸ் டிக்கி அடியில. அதை எடுக்க மேல கிடந்த வாக்கரை வெளிய தூக்கி வச்சேன். ஸ்பேனரை எடுத்துப் போயி, கறுப்பு புஷ்ஷுக்கு கொஞ்சம் கிரீஸ் தடவி, கம்பியை வச்சு ஒரு அமுக்கு. டக்குனு உக்காந்துச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் மனசு குளுந்துபோச்சு. ராடை ஆட்டிப் பாத்தேன், ஒண்ணு, ரெண்டு, எல்லாம் அதது இடத்துல. ரிவர்ஸும் விழுந்துச்சு.

"ஆச்சா மகாராணி?"ன்னான் மீசை. நிறுத்தியிருக்கலாம். வழியில நிக்குதுன்னு வாக்கரை ஒரு உதை விட்டான். அது சாய்ஞ்சு விழுந்து, முன்சக்கரம் ரெண்டும் மேல பாத்துச் சுத்துச்சு.

ஒரு சக்கரம் நேரா சுத்துச்சு. இன்னொண்ணு தலையை ஆட்டி ஆட்டிச் சுத்துச்சு.

அவனைத் திட்ட வாயைத் திறந்தவ அப்படியே நின்னுட்டேன். நேரா சுத்தின சக்கரத்துக்கு நடுவுல, போல்ட்டைச் சுத்தி, வெள்ளை வளையம். மண்டி போட்டு உக்காந்து என் கையில இருந்ததைப் பக்கத்துல வச்சேன். அச்சு அசல். அடுத்த சக்கரத்துல வளையம் இல்லை. அந்த இடத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுருட்டித் திணிச்சிருந்துச்சு. டேப் நைஞ்சு, பாதி அவுந்து, நூல் நூலா தொங்குச்சு.

அம்மா விழறதுக்கு முந்தின வாரம் வாக்கரைக் காட்டிச் சொன்னது காதுல கேட்டுச்சு. "இது ஒரு பக்கமா இழுக்குதுடி." நான் அண்ணனைப் பாத்தேன், அவன் "வயசானா எல்லாம் ஒரு பக்கம்தான் இழுக்கும்"னு சிரிச்சான். நானும் சேந்து சிரிச்சேன்.

நான் காஞ்ச துணியால துடைச்சேன். துடைச்சேன்தான்!

அங்கேர்ந்து அண்ணன் வீட்டுக்கு எப்படிப் போனேன்னு கேக்காதீங்க. எல்லா கியரும் விழுந்துச்சு, அது ஞாபகம் இருக்கு. வண்டியைக் கிடைச்ச இடத்துல நிறுத்திட்டு, வாக்கரைத் தோள்ல மாட்டிக்கிட்டு கேட்டை உலுக்கினேன். அண்ணி எட்டிப் பாத்து, பூட்டைத் திறக்கவா வேணாமான்னு சாவியைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சா. "அண்ணி, திறக்கலைன்னா ஏறிக் குதிப்பேன், மானம் உங்களோடதுதான்"ன்னேன். திறந்துட்டா.

அண்ணன் ஹால்ல டேபிள் ஃபேனைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். அந்த வளையத்தை அவன் முன்னாடி வச்சேன். வாக்கரைக் கவுத்து சக்கரத்தைக் காட்டினேன்.

பாத்தான். அவன் மூஞ்சி ஒரு நொடி வெளுத்துச்சு, நான் பாத்தேன். அடுத்த நொடி பழையபடி ஆயிடுச்சு.

"வண்டி நின்னுபோச்சு. அடுத்த நாள் அம்மாவுக்குக் கண் டாக்டர். கடைக்குப் போனா முழு செட்டும்பான். என்ன பண்ணச் சொல்றே, தோள்ல தூக்கிட்டுப் போகவா? அதான் டேப் சுத்தி வச்சேன்ல. நல்லாத்தான் ஓடுச்சு."

"ஓடுச்சா? அம்மா இடுப்புதான்டா ஒடிஞ்சுபோச்சு! அதுவும் போதாதுன்னு என் தலையில கட்டினியே!"

"கத்தாதே. டேப்பால விழுந்தாளா ஈரத்தால விழுந்தாளான்னு நீ கூட இருந்து பாத்தியா? நீ டீ போட்டுக்கிட்டு இருந்தே. போ, அம்மாவையே கேளு. என்ன சொல்றான்னு பாப்போம்."

வளையத்தையும் வாக்கரையும் கையில எடுத்தேன். ரூமுக்குள்ள போனேன். அவனும் பின்னாடியே வந்தான். அம்மா கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. பாதி ஆளாயிட்டா. அதே நேரம் வெளிய ஒருத்தன், "யாருய்யா வண்டியை வாசல்ல விட்டது?"ன்னு சண்டைக்கு வந்தான். எதிர்வீட்டுக்காரன். அண்ணன் என் கையிலேர்ந்து சாவியைப் பிடுங்கிக்கிட்டு, "நிறுத்தக்கூடத் தெரியாதா?"ன்னு திட்டிக்கிட்டே ஓடினான்.

நான் கட்டில் ஓரத்துல உக்காந்து வளையத்தை அம்மா கையில வச்சேன். "அம்மா, இது என்னன்னு தெரியுதா?"

அவ அதைப் பாக்கவே இல்லை. விரலால தடவினா. "தெரியும்டி"ன்னா.

"என்ன தெரியும்?"

"அவன் கழட்டினப்ப நான் இதே கட்டில்லதானே உக்காந்திருந்தேன். எடுத்துக்கட்டுமான்னு கேட்டான். எடுத்துக்கோடான்னேன்." குரலை இறக்கினா. "சக்கரம்தான் மடங்குச்சு. தரை காஞ்சுதான் இருந்துச்சு."

இத்தனை மாசமா நான் கேக்கணும்னு தவிச்ச வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரும்னு நினைச்சிருந்தேன். கோபம்தான் வந்துச்சு, பெத்தவ மேலயே கோபம்.

"அப்ப ஏம்மா என்னைச் சொன்னே?"

"நீ கோவிச்சுக்கிட்டுப் போனா, திட்டிக்கிட்டாவது திரும்பி வருவே. அவன் கோவிச்சுக்கிட்டா எனக்கு யாருடி சோறு போடுவா?"

"நான் இல்லையா? என் வீடு இல்லையா?"

"உன் வீடு மாடியில. என்னை எப்படிக் கொண்டு போவே, கர்ட்டன் மாதிரி சுருட்டியா?"

வெளிய என் வண்டி ரிவர்ஸ்ல வழுக்கிக்கிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. அம்மா வளையத்தை என் கைக்குள்ளயே திணிச்சுட்டு மறுபடியும் சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டா.

அண்ணன் சாவியைச் சுத்திக்கிட்டே வந்தான். "ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுதே, ஒரிஜினல் புஷ்ஷா? எங்க கிடைச்சுது?" சண்டை நடுவுல கேக்கறான் பாருங்க. அவன் அப்படித்தான்.

"அதை விடு. அம்மா, அவன் முன்னாடி சொல்லு. யாரால விழுந்தே?"

அம்மா முதுகு அசையலை. சுவத்துக்கிட்டதான் பேசினா.

"தரை ஈரமாத்தான் இருந்துச்சு."

அண்ணன் என்னைப் பாத்து, கேட்டியான்னு புருவத்தைத் தூக்கினான். அவனை அறையணும்னு கை துறுதுறுன்னுச்சு. உள்ளதைப் போட்டு உடைச்சிருப்பேன், இப்பத்தான் சொன்னாளேடான்னு. ஆனா அம்மாவோட கை போர்வை ஓரத்தை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு, நரம்பெல்லாம் எழும்பி. நான் வாயைத் திறந்தா, நாளைக்கு இந்த வீட்ல அவளுக்குக் கிடைக்கிற சோறு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

"சரி"ன்னேன். "ஈரமாத்தான் இருந்துச்சு. நான்தான் துடைச்சேன். நான்தான் விழ வச்சேன். போதுமா?"

அவன் இதை எதிர்பாக்கலை.

"அப்ப நடக்க வைக்க வேண்டியதும் நான்தான். கெடுத்தவதானே சரி பண்ணணும்? டாக்டர் சொன்ன மாதிரி, தினம் சாயங்காலம் வந்து இவளை எழுப்பி நடத்துவேன். கேட்டைத் திறந்து வை."

"அதெல்லாம் வேணாம்."

"ஏன் வேணாம்? தப்பு என்னுதில்லையா? என்னுதில்லைன்னா சொல்லு, இப்பவே போயிடறேன்."

என்னைத் தடுக்கணும்னா, தப்பு யாருதுன்னு அவன் சொல்லியாகணும். அது அவனால ஆகாது, செத்தாலும் ஆகாது. வாசப்படியில நின்ன அண்ணி அவனையே பாத்துக்கிட்டிருந்தா.

"நாளைக்குக் கேட்டுல பூட்டு தொங்குச்சுன்னா, இந்த வளையத்தை எடுத்துக்கிட்டு எதிர்வீட்லேர்ந்து ஆரம்பிச்சு தெரு பூரா சாம்பிள் காட்டுவேன். இது எதுலேர்ந்து கழட்டினதுன்னு தெரியுமான்னு வீடு வீடா கேப்பேன்"ன்னேன்.

அவன் வாக்கர் பக்கம் கண்ணை ஓட்டினான். "அந்தச் சக்கரத்துக்கு உன் கர்ட்டன் வளையமே போதும். ஓரத்தைக் கொஞ்சம் ராவினா..."

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

வாக்கரைத் தூக்கித் தோள்ல மாட்டினேன். நாளைக் காலையில கடை தேடணும். யார் என்ன கேட்டாலும் இந்தத் தடவை சரியான சாம்பிள் கையில இருக்கு. ரூம் வாசப்படியைத் தாண்டும்போது அம்மா கூப்பிட்டா. திரும்பினேன். அவ திரும்பலை.

"வர்றதுன்னா வா. வந்து தரையைத் துடைச்சுத் தொலைக்காதே"ன்னா.

அவளைப் பாத்து நல்லா நாலு வார்த்தை கேக்கலாம்னு வாயெடுத்தேன். போர்வையைப் பிடிச்சிருந்த கை அப்பவும் விடலை. "துடைக்கலம்மா"ன்னு சொல்லிட்டு இறங்கினேன்.